கடைக் கணினியா, கைக் கணினியா?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

“சார், பையன் கம்பியூட்டர் கேக்கிறான். படிக்கவும் வேணுமாம், கொஞ்சம் கேம் விளையாடவும் வேணுமாம். கடையில ரெடியா வாங்குறதா, சாமானா வாங்கி நாமே பொருத்துறதா?” என்று பெற்றோர் கேட்கிறீர்கள். இது சின்னக் கேள்வி அல்ல. நம் நாட்டில் 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. திரையும் சேர்த்து, விளையாட்டுக்கு ஏற்ற புதுக் கணினி வாங்க அந்த ஒரு மாதச் சம்பளம் பத்தாது. ஆகவே யோசித்துத்தான் கை வைக்க வேண்டும்.

கணினி என்பது ஒரே பொருள் அல்ல. பல பொருள்களின் கூட்டு. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினியைக் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்து, அதன் அமைப்பையும் வெளியிட்டது. அதனால்தான் இன்று யாரும் பாகங்களை வாங்கிப் பொருத்த முடிகிறது. அந்தப் பாகங்களும் நமக்கு அந்நியமல்ல. 1972-லேயே இன்டெல் நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை திறந்துவிட்டதே!

தயாராக வரும் கணினி, ரெடிமேட் சட்டை மாதிரி. வாங்கின அன்றே போட்டுக்கொள்ளலாம். ஒரே ரசீது, ஒரே உத்தரவாதம். பழுதானால் ஒரே கடையைக் கேட்டால் போதும். ஆனால் உள்ளே பார்க்க வேண்டும். சிலவற்றில் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை மட்டமாகப் போட்டு விடுவார்கள். சில பெட்டிகளில் தாய்ப்பலகை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். பின்னாளில் சில பாகங்களை மாற்றுவது கடினம்.

நாமே பொருத்துவது, துணி எடுத்து அளவு கொடுத்துத் தைப்பது மாதிரி. காசு எங்கே போகிறது என்று தெரியும். இரண்டு வருஷம் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டி.டி.ஆர்.4 ரேம், டி.டி.ஆர்.5 பலகையில் ஏறாது. உத்தரவாதமும் பாகத்துக்குப் பாகம் தனித்தனி. கணினி எரியவில்லை என்றால் கெட்டது எது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். தெரியாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாப்பா இறங்கி, ஈப்போவரை போக வேண்டியதுதான். ஒருநாள் சம்பளமும் போச்சு, பஸ் காசும் போச்சு!

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற இடங்களில், பாகங்களை நாம் தேர்ந்தெடுத்தால் கடைக்காரரே பொருத்திச் சோதித்துக் கொடுப்பார். பெரிய பட்டணங்களில் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. நாம் அடிக்கடி போய்வரும் ஊர்க் கடையாக இருப்பது நல்லது.

எப்படி வாங்கினாலும் ஆசைக்கு அளவு வேண்டும். ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளுக்கு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு அவசியமில்லை. ரைசன் 5 5600ஜி போல, படம் காட்டும் திறனும் உள்ளடங்கிய ப்ராசசர் போதும். அதற்கு 8 ஜிபி ரேம் இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். தரமான பவர் சப்ளை இருந்தால், கார்டை இன்னொரு தீபாவளி போனஸில் வாங்கிக்கொள்ளலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும்!

முடிவாக ஒன்று சொல்வேன். விலையில் நூறு வெள்ளி கூடுதலா குறைவா என்று முதலில் பார்க்காதீர்கள். “கெட்டுப்போனால் யார் பார்ப்பது?” என்று முதலில் கேளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை பொறுமையாக உட்கார்ந்து படித்துப் பழகத் தயார் என்றால், பாகங்களை வாங்கிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலும் வந்து சேரும். அப்படி யாரும் இல்லையென்றால் தயார்க் கணினியே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவச் செல்வங்களே! பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அம்மா அப்பாவுக்கு முதலில் விளக்கிச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்த பிறகு கேளுங்கள். அவர்கள் கொடுப்பது மழையிலும் பனியிலும் நனைந்து சம்பாதித்த காசு.