லேபிள் எனும் அமானிதம்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

 

2013 ஜனவரியில் அயர்லாந்து நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி பர்கர் என்று கடைகளில் விற்கப்பட்ட 27 வகைகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியதில், 10 வகைகளில் குதிரையின் கூறும், 23 வகைகளில் பன்றியின் கூறும் (பெரும்பாலும் மிகச் சிறிய அளவில்) காணப்பட்டன. ஒரு பர்கரின் இறைச்சியில் 29 சதவீதம் குதிரை!

அடுத்த மாதமே, பிரிட்டனில் மாட்டிறைச்சி லசான்யா என்று விற்ற உறைபனி உணவில் 60 முதல் 100 சதவீதம் வரை குதிரை இறைச்சி இருப்பது வெளிப்பட்டது. அந்த இறைச்சி வந்த வழியைக் கேளுங்கள். ருமேனியாவின் அறுப்பகங்களிலிருந்து அது குதிரை என்ற பெயருடனேயே புறப்பட்டது. சைப்ரஸில் பதிவு பெற்ற ஒரு வணிக நிறுவனம் அதை வாங்கி பிரான்ஸுக்கு விற்றது. அங்கிருந்து லக்ஸம்பர்க் தொழிற்சாலைக்குச் செல்லும்போது காகிதத்தில் அது மாடாகிவிட்டது! 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் டச்சு வியாபாரி ஒருவருக்கு 2 ஆண்டுச் சிறை விதித்தது; பிரெஞ்சு நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகியும் தண்டிக்கப்பட்டார்.

குதிரை இறைச்சி ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமானது; இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் மக்ரூஹ். நமது பேச்சு அந்த மஸ்அலாவைப் பற்றியதன்று. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நனைந்த தானியத்தை விற்பதை அவர்கள் தடுக்கவில்லை, மறைத்ததையே கண்டித்தார்கள்.

வாங்குவோர் இதைப் பொருட்படுத்தினார்களா? பிரிட்டனில் 2013 பிப்ரவரியில் உறைபனி பர்கர் விற்பனை 43 சதவீதம் சரிந்தது. ஆனால் அதற்கு முன் அத்தனை காலம், இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? விலைச்சீட்டைப் பார்க்கும் கண் லேபிளின் பின்பக்கத்துக்குச் செல்வதில்லை. அரைத்துப் பிசைந்த இறைச்சியை நாவும் அடையாளம் காணாது.

நமக்கோ இதில் இன்னுமொரு கவலை உண்டு. அதே 2013 பிப்ரவரியில், பிரிட்டிஷ் சிறைகளுக்கு ஹலால் என்று வழங்கப்பட்ட இறைச்சிப் பண்டங்களில் பன்றியின் மரபணுத் தடயம் இருந்ததாக அந்நாட்டு நீதித்துறை அமைச்சகமே அறிவித்தது. கைதி வேறு கடைக்குப் போக முடியுமா? தட்டில் வைத்ததை நம்புவதைத் தவிர அவருக்கு வழி ஏது?

மரபணுச் சோதனை, எந்தப் பிராணி என்று சொல்லும். அறுத்தவர் யார், அல்லாஹ்வின் திருநாமம் மொழிந்தாரா, அறுக்கும்போது அதற்கு உயிர் இருந்ததா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. அது கண்டவரின் சாட்சியத்தால் மட்டுமே நிலைபெறும். நமது தெருக் கறிக்கடையில், “பாய், இது எந்த ஆடு? எப்போது அறுத்தது?” என்று துருவிக் கேட்கிறோம். அதே நாம், பெட்டியில் அடைத்த ஸாஸேஜின் மீது பச்சை மையில் ‘ஹலால்’ என்று அச்சிட்டிருந்தால் வாய் மூடிக்கொள்கிறோம். அந்த முத்திரையை வழங்கியது எந்த அமைப்பு, அதன் ஆள் அறுப்பகத்தில் நிற்கிறாரா, ஆண்டுக்கொருமுறை காகிதத்தில் கையொப்பமிடுவதோடு சரியா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், பெட்டியிலுள்ள முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.