பம்பு மெதுவாக ஓடட்டும்

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயில் பத்மதீர்த்தம் மோட்டாரும் பம்பும் வருவதற்கு வெகுகாலம் முன்பே வெட்டிய குளம். இன்று அதே ஊரில் வீட்டு வளாகத்திலேயே நீச்சல் குளம் கட்டுகிறார்கள். கட்டியபின் மின்கட்டண ரசீதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்!

குளிர்நாடுகளில் தண்ணீரைச் சூடாக்கவே காசு கரையும். நமக்கு அதை வெயில் பார்த்துக்கொள்கிறது. மின்சாரத்தைத் தின்பது வடிகட்டும் பம்புதான். வேகத்தை மாற்றக்கூடிய பம்பாக இருந்தால், வேகத்தைப் பாதியாக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே தண்ணீரைச் சுற்ற இரு மடங்கு நேரம் ஓடவேண்டும், உண்மைதான். அப்படியும் செலவு கால்பங்கே.

ஓட்டுவதைப் பகலில் ஓட்டுங்கள். மாலை 6 முதல் 10 வரை கேரள மின்வாரியத்துக்கு நெருக்கடி நேரம். கூரையில் சூரியத் தகடு இருந்தால் பகல் ஓட்டத்துக்கு வெயிலே போதும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

மழைக்காலச் சருகு வடிகட்டியை அடைத்தால் பம்பு திணறும். குளத்தின்மேல் விரிப்புப் போட்டால் சருகும் விழாது, தண்ணீர் ஆவியாவதும் குறையும்.

பம்பு வாங்கப் போகிறவர்கள், குதிரைத்திறனைக் கேட்குமுன் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.