உறைநீரும் உடைகுழாயும்

எங்கள் கும்மிடிப்பூண்டியில் சித்திரை நண்பகலில் குழாய்நீர் கையைச் சுடும். நான் அறிந்த தொல்லை அதுவே. லே நகரில் ஒரு குளிர்காலம் தங்கியபோது வேறொன்று கற்றேன்.

நீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. பனிக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்குண்டு குழாயைப் பிளக்கிறது. ஆகவே இரவில் திருகைச் சற்றே திறந்து நீரைச் சொட்டவிடுவர். அன்றேல் குழாயை முழுதும் வடித்துவிடுவர். நானோ, நம்மூர்ச் சிக்கனம் போலும், இறுக மூடிவிட்டு உறங்கினேன்!

காலையில் நீர் வரவில்லை. தீப்பந்தம் தேடிய என்னை வீட்டுக்கார அம்மையார் தடுத்தார். திருகைத் திறந்துவைத்து, அம்முனையிலிருந்தே வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் படிப்படியாக இளக்கினார். பனி இளகியதும் வெடிப்பு தெரிந்தது. குழாய் மாற்றும்வரை அவர் வீட்டுக்கு வாளியில் நீர் சுமந்தவன் நானே.