வெள்ளையை முதல்லயே விட்டு வைக்கணும்

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா ஒரு மலைக்கோட்டை தெரியுமே, அதான்.

அப்பா சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். எனாமல், டர்பன்டைன் வாசனையிலயே வளர்ந்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்ததும் அவருக்கு வேலை போச்சு. நான் ஆயில் பெயின்ட்டிங் பக்கம் போனேன். 12 வருஷம். அப்புறம் இழுப்பு வந்தது. டர்பன்டைன் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கையில இருந்த ரெண்டு ஆர்டருக்கும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

வாட்டர்கலர்தானே, ஸ்கூல் பசங்க பண்றதுன்னு ஒரு இளக்காரம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966ல ஆரம்பிச்ச கே.சி.எஸ். பணிக்கர்கூட ஆரம்பத்துல வாட்டர்கலர்ல நிலக்காட்சி வரைஞ்சவர்தான். அது தெரிஞ்சும் இளக்காரம் போகலை.

ஆறு மாசம் வெறும் சேறுதான் வந்தது. காரணம் இதுதான்: ஆயில்ல தப்புப் பண்ணினா காயவிட்டு மேல பூசிடலாம். வெளிச்சத்தைக் கடைசியில வெள்ளை வச்சுக் கொண்டுவரலாம். வாட்டர்கலர்ல வண்ணம் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் அடியில இருக்கற பேப்பர்ல இருந்து வரணும். எங்க வெள்ளை வேணும்னு பிரஷ்ஷைத் தொடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். நான் பழைய பழக்கத்துல திரும்பத் திரும்பத் தேய்ச்சிட்டு இருந்தேன்.

ஒருநாள் காலையில ரோட்டோரம் உட்கார்ந்து கிருஷ்ணகிரியை வரைஞ்சுகிட்டிருந்தேன். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தா பாறைக்கு ஏத்த சாம்பல் கிடைக்கும். வெயில் பட்ட பாறை மேலயும் அதைப் பூசப் போனேன். பின்னாடி நின்ன அப்பா, “விடுடா”ன்னார். “‘ம’ எழுதறப்போ உள்ள இருக்கற காலி இடத்தை யாராவது எழுதுவாங்களா? அது அடைஞ்சா எழுத்தே போச்சு.”

அந்தப் பாறையை விட்டுட்டேன். அதுதான் என் முதல் வாட்டர்கலர்.

2025ல 12 மராத்தியக் கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அதுல தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டும்தான். இப்போ கோட்டை பார்க்க வர்றவங்க சின்னச் சின்னப் படமா வாங்கறாங்க. ஆயில்ல வந்த காசு இதுல வர்றதில்ல. ஆனா ராத்திரி மூச்சு முட்டாம தூங்கறேன்.

வேற வழியில்லாம எதையாவது மாத்திக்க வேண்டி வந்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். பழைய கைப்பழக்கத்தோட புது வேலைக்குள்ள போகாதீங்க. கொஞ்ச நாள் எதைத் தொடக் கூடாதுன்னு மட்டும் பாருங்க.