வாங்கிய பொருளின் சாவி யாரிடம்?

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு பழைய லேப்டாப், செல்போன்களைப் பெற்று, பழுது நீக்கி, கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். சிலவற்றைக் கொடுக்க முடியவில்லை. பொருள் நன்றாகவே இருந்தது. பழைய உரிமையாளரின் கணக்கு அதைப் பூட்டி வைத்திருந்தது. ஒரு போனுக்குத் திரை மாற்றினோம். அது கம்பெனித் திரை இல்லை என்று போனே எச்சரிக்கை காட்டியது. லேப்டாப்புக்காகக் காத்திருந்த ஒரு மாணவி வெறுங்கையோடு திரும்பியது இன்னும் நம் மனதை உறுத்துகிறது.

நம் ஊர்த் தறியைப் பாருங்கள். ஜக்கார்டு பெட்டியில் டிசைன் மாற வேண்டுமா? துளையிட்ட அட்டையை மாற்றுகிறார்கள். பழுதானால் திறந்து பார்க்கிறார்கள். பெட்டி செய்தவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய போனுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

விற்ற பின் பொருள் வாங்கியவருடையது. குறையை மறைத்து விற்கக் கூடாது. இது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வியாபார ஒழுக்கம். வெளியில் பழுது பார்க்க முடியாது என்றால், அதையும் விற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்பதே குற்றம். கம்பெனிகள் மேல்முறையீடு சென்றன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் நலத்துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. செல்போனும் விவசாயக் கருவிகளும் அதில் அடங்கும். ஆனால் இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.

பூட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருடனுக்கு எதிராகப் பூட்டு அவசியம். சாவி மட்டும் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். வாங்கும் முன், உதிரி பாகம் கிடைக்குமா, வெளிக்கடையில் பழுது பார்க்கலாமா என்று கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பழைய கருவியைத் தானமாகத் தரும்போது, உங்கள் கணக்கை நீக்கி, பாஸ்வேர்டை எடுத்துவிட்டுத் தாருங்கள். பூட்டிய பெட்டியைத் தந்தால் தர்மம் வாசலோடு நின்றுவிடும்.

அந்த மாணவிக்கு அடுத்த மாதமாவது லேப்டாப் கொடுக்க அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.