இருவருலா
(தச்சநல்லூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கல்வி, சிக்கனம், மணவினைச் செலவு முதலிய பொருள்கள் பற்றிப் பெரியோர் பலர் இம்மேடையில் பேசியுள்ளனர். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு நகை விளைக்கக் கூடும். மக்கள் அனைவரும் படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் வெளியூர் சென்றுவிட, இல்லத்தில் எஞ்சிய கணவனும் மனைவியும் காசு செலவின்றி ஒருங்கே பொழுது போக்குதல் எங்ஙனம் என்பதே அப்பொருள். இக்கால இளைஞர் இதனை ‘டேட்டிங்’ என்பர். அச்சொல் நமக்கு வேண்டா. ‘இருவருலா’ என்று பெயரிட்டுக்கொள்வோம்.

நாற்பதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன வாத்தியாருக்கு இதில் என்ன அனுபவம் என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைப்பது எமக்குத் தெரிகின்றது. ஆசிரியத் தொழில் செய்வோர்க்குப் பெற்றோரைக் காணும் வாய்ப்பு மிகுதி. மகன் பள்ளியிற் பயிலும் வரை தாயும் தந்தையும் இணைந்தே வருவர். மதிப்பெண் பற்றி இருவரும் மாறி மாறிப் பேசுவர். ஒருவர் கூறியதை மற்றவர் திருத்துவர். அம்மகன் சென்னைக்கோ பெங்களூருக்கோ துபாய்க்கோ சென்ற பின்னர் அவர்களையே தெருவில் காண்கின்றோம். ஐயா பத்தடி முன்னே நடக்கின்றார். அம்மையார் பையைச் சுமந்து பின்னே வருகின்றார். இடையில் ஒரு சொல்லும் இல்லை. இவ்வாறு பின்னே வந்த ஒரு தாயார் எம்மிடம் நின்று கூறியது இது: “பிள்ளைக படிப்பு முடிஞ்ச பொறவு எங்க ரெண்டு பேருக்கும் பேசதுக்கு ஒண்ணுமே இல்ல, ஐயா.” அவர் குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். அதுவே எமக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

மேல்நாட்டார் இந்நிலையை ‘வெற்றுக்கூடு’ என்பர். ஜப்பானியரோ பணியினின்று ஓய்வுபெற்று மனைவியையே சுற்றிக்கொண்டிருக்கும் கணவரை ‘நனைந்த சருகு’ என எள்ளுவர். எத்துணை பெருக்கினும் ஒட்டிக்கொண்டு அகலாதாம்! நம்மவர்க்கோ எதிர்மாறான நோய், ஒட்டுவதே இல்லை.

தமிழ் நூல்கள் இப்பருவத்தை மறந்தன அல்ல. தொல்காப்பியனார் கற்பியலின் இறுதிப் பகுதியில், இன்பம் நுகர்ந்து முதிர்ந்த காலத்தில், நன்மக்கள் நிறைந்து சுற்றம் சூழத் தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயிலுதலே முன்வாழ்ந்த வாழ்வின் பயன் என்று ஓதுகின்றார். இருவரையும் சேர்த்தே ஓதுகின்றார் என்பதை அன்பர்கள் நோக்குக. பெரியபுராணத்தில் திருநீலகண்டக் குயவனார் வரலாறு நீங்கள் அறிந்ததே. ஊடலில் பிறந்த ஓர் ஆணையால் கணவனும் மனைவியும் ஒரே இல்லத்தில் தீண்டாமல் வாழ்ந்து முதுமை எய்தினர். பின்னர் ஒரு மூங்கிற் கோலின் இருமுனையையும் இருவரும் பற்றிக் குளத்தில் மூழ்கி இளமை பெற்று எழுந்தனர். அவர்களைப் பிரித்தது ஆணை. நம்மைப் பிரிப்பது தொலைக்காட்சிப் பெட்டியும், ஆளுக்கொன்றாகிய கைப்பேசியும், நெடுநாட் பழக்கமும்.

செலவு என்பர் சிலர். கல்விக் கடனும் பெண்ணின் திருமணக் கடனும் தீராத வீட்டில் உலா எதற்கு என்பது நியாயமான வினாவே. ஆதலின் காசில்லாத வழிகளையே கூறப் புகுந்தோம். அறுபதாம் கலியாணத்திற்குத் திருக்கடையூர் சென்று பெரும்பொருள் செலவிட்டு, மறுநாளே பேச்சின்றி இருப்பார் உளர். அவரை நோக்க இது எளிது. மற்றொரு தடை, ‘இந்த வயதில் ஜோடியாகப் போனால் ஊரார் என்ன சொல்வர்?’ என்பது. இரண்டு நாள் சொல்வர். மூன்றாம் நாள் வேறு செய்தி கிடைத்துவிடும்.

முதற்கண் குறுக்குத்துறையைச் சொல்வோம். பொருநை நதியின் நடுவே பாறையில் அமைந்த முருகன் கோயில் அது. பெருவெள்ளம் வருங்கால் கோயில் நீரில் மூழ்கும்; உற்சவ மூர்த்தியைக் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்கு முன்னரே எழுந்தருளச் செய்வர்; வெள்ளம் வடிந்தபின் சேறு களைந்து மீண்டும் பூசை நடக்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறக்க இயலாது. அன்றும் அக்கோயில் நீருள் நின்றது. அவ்விடத்தே மாலை நான்கரை மணிக்குச் சென்று படித்துறையில் அமர்க. தரிசனம் முடிந்தவுடன் வீட்டிற்கு ஓட வேண்டா. அரைமணி நேரம் கால் நனைய இருந்தாற் போதும். அந்நீர் பொதிகையிற் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடல் சேர்வது. நாற்பதாண்டு இவ்வூரில் வாழ்ந்தும் அடுப்படியினின்று வந்து ஆற்றங்கரையில் வாளா அமர்ந்தறியாத தாய்மார் இவ்வவையிலேயே பலர் இருப்பர். ‘துணி துவைக்காமல், குடம் நிரப்பாமல், ஆற்றை வெறுமனே பார்க்க வந்தேன்’ என்று சொல்லும் உரிமை அவர்க்கு இல்லையா? ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மட்டும் நீரளவு கேட்டறிந்தே செல்லுதல் வேண்டும். கழிவுநீர் கலக்குமிடத்தில் நீராடுதலும் தகாது. பொருநை என்ற பெயர் ஒன்றே நோயைத் தடுத்துவிடாது.

நெல்லையப்பர் கோயிலை யாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று. சுவாமி கோயிலும் காந்திமதியம்மன் கோயிலும் தனித்தனியே நின்றவை. 1647-ஆம் ஆண்டில் வடமலையப்பப் பிள்ளையன் சங்கிலி மண்டபத்தை எழுப்பி அவ்விரண்டையும் இணைத்தார். அம்மண்டபத்தின் வழியே இருவரும் மெல்ல நடந்து செல்க. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக அன்று, அருகருகே. பிராகாரத்தில் ஓரிடம் பார்த்து அமர்க. கோயிலுக்குச் செல்லும் முதியவரை எவரும் குறை கூறார் என்பது இதிலுள்ள கூடுதல் வசதி.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே உள்ள சுலோசன முதலியார் பாலத்தை நாளும் பேருந்தில் கடக்கின்றோம். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக்கொண்டு கட்டுவித்து, 1843-இல் திறக்கப்பட்ட பாலம் அது. அதற்கு முன்னர் மக்கள் தோணியை நம்பியே ஆற்றைக் கடந்தனர். அவர் மனைவியார் தம் நகைகளை மனமுவந்து கொடுத்தார் என்பது இந்நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. பாலத்தின் பெயரில் கணவர் பெயர் மட்டுமே நிற்கின்றது. அதுவும் உலகியல் போலும். வெயில் தாழ்ந்த நேரத்தில் நடைமேடையில் நின்று, இருவரும் அக்கதையைப் பேசிக்கொள்ளலாம். ‘நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?’ என்று ஐயா கேட்க, அம்மையார் என்ன விடை சொல்கின்றார் என்று பார்க்கலாம். அந்த ஒரு வினாவில் ஒருமணி நேரம் கழியும் என்பதற்கு யாம் பிணை.

நம்மூருக்கு அணித்தே நயினார்குளம் உள்ளது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் காலையில் இறங்குகின்றன. சத்திமுத்தப் புலவர் வறுமையுற்று மதுரையில் குளிரில் நடுங்கியபோது, தம் மனைவிக்குத் தூது சொல்ல அழைத்தது இந்நாரையைத்தான். அதிலும் நாரையைப் பெடையோடு சேர்த்தே அழைத்தார். பறவை பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலரைக்கொண்டு நடத்தி வந்துள்ளனர். கண் கூர்மை ஒருவருக்கும் எழுதும் கை மற்றவருக்கும் இருந்தால், இருவர் சேர்ந்து செய்தற்கு இதனினும் இனிய வேலை இல்லை. கூந்தன்குளம் பறவைகள் காப்பிடமும் கிருஷ்ணாபுரத்து இரதிச் சிற்பமும் இதனினும் சிறந்தனவே. ஆனால் போக்குவரத்துச் செலவு நேரும். ஆதலின் இன்றைய பொருளுக்குப் புறம்பு.

பேருந்தைப் பற்றி ஒரு சொல். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசினர் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்தனர். இதனால் அம்மையார் காசின்றிச் செல்ல, ஐயா மட்டும் சீட்டு வாங்க வேண்டியவராகின்றார். ஆண்டாண்டாய் வீட்டுக் கணக்கில் அம்மையாரின் செலவையே குறித்து வந்த ஐயாமார்க்கு இது நல்ல படிப்பினை. காசு கொடுக்க மனமில்லையேல் நடந்து வரலாம். சர்க்கரை நோய்க்கும் நன்று.

முழங்கால் வலியால் வாயிற்படி தாண்ட இயலாதார் என் செய்வது என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டார். அவர்க்கே இது மிகவும் வேண்டும். மொட்டைமாடி இல்லையேல் வாசலில் இரண்டு நாற்காலி போடுக. பிள்ளைகள் பேசும் நேரம் ஒன்பது மணி என்றால், எட்டு மணி உங்களுடையது ஆகுக. பழைய திருமணப் புகைப்படத்தை எடுத்து, அதில் நிற்போர் யார் யார் என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர்க்குத் தெரியாத பெயர் மற்றவர்க்குத் தெரியும். அப்பெயர்களில் பல, ஒருவர் மறைந்தபின் மற்றவரைக் கேட்டும் பெற முடியாதவை. இதனை அச்சுறுத்தற்குச் சொல்லவில்லை. இருவரும் நலமாக இருக்கும் மாலைப்பொழுதுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதனாற் சொல்கின்றோம்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குறுக்குத்துறைக்குச் செல்ல விரும்பும் தம்பதிகள் சங்கக் கட்டட வாயிலில் கூடலாம். கூட்டமாகச் சென்றாலும், படித்துறையில் இவ்விருவராகவே அமரும்படி கேட்டுக்கொள்கின்றோம். ஆடவர் ஒருபுறமும் பெண்டிர் ஒருபுறமுமாகப் பிரிந்துவிட்டால் போன காரியம் கெடும். சுண்டலை வீட்டிலிருந்தே கொண்டு வருக. அதனை இம்முறை ஐயாமார் தாளிக்கட்டும்.