எண்ணுவதை நிறுத்தினால் எண்ணம் நின்றிடுமா?

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



செக் நாட்டு மக்கள் அரசியலைப்பற்றி என்ன எண்ணுகின்றனர், தம் வரலாற்றை எவ்வாறு மதிப்பிடுகின்றனர், குடும்ப வாழ்வில் எவ்வழி நடக்கின்றனர் என்பதுபற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, கடற்கரையே இல்லாத, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் நாடு அது. அங்குள்ளோர் கருத்து நமக்கெதற்கு என்று கேட்போர் இருக்கலாம். மக்களின் கருத்தைக் கேட்க மறுத்திடும் ஆட்சிக்கு என்ன நேரிடும் என்பதை அந்த நாட்டைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டும் இடங்கள் அதிகமில்லை. அதனாலேயே பேச ஒப்பினேன்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்காலம் வியன்னா அரியணைக்குப் பணிந்திருந்த நாடு. 1918இல் மசாரிக்கின் தலைமையில் செக்கோஸ்லோவேகியக் குடியரசு எழுந்தது. 1939இல் இட்லரின் படை பிராக் நகரில் புகுந்தது. 1945இல் விடுதலை. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுக் கட்சியின் தனியாட்சி. 1968 ஆகஸ்டில் அயல்நாட்டு டாங்கிகள். 1989இல் அந்த ஆட்சியும் வீழ்ந்தது. 1993 முதல் செக் நாடு வேறு, சுலோவாக்கியா வேறு. குடியரசு பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தை, தன் தெருவை விட்டு அகலாமலே, எழுபத்தைந்து வயதுக்குள் இத்தனை ஆட்சிகளையும் கண்டிருக்க முடியும்!

கொடிகள் மாறின; கட்டளைகள் மாறின. மக்களின் மனம் என்ன ஆயிற்று? அதை அறிந்திட அங்கே ஓர் அரிய சான்று இருக்கிறது. போர் முடிந்த கையோடு, செய்தி அமைச்சகத்தின் பொறுப்பில், பிராக் நகரில் பொதுமக்கள் கருத்தாய்வு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஐரோப்பாவிலேயே இத்தகைய முயற்சியில் முன்னணியில் நின்ற நிலையங்களுள் அதுவும் ஒன்று. 1946 மே மாதத் தேர்தலின் முடிவைப் பெரிதும் பிழையின்றி முன்கூட்டியே அது கணித்தது. அந்தத் தேர்தலில் செக் பகுதியில் நூற்றுக்கு 40 வாக்குகள் கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கிடைத்தன. திருட்டு வாக்கல்ல தோழர்களே, மக்கள் மனமுவந்து அளித்த வாக்கு!

அதே ஆண்டு நிலையத்தார் மற்றொரு கேள்வியும் கேட்டனர்: நம் நாட்டு வரலாற்றில் சிறந்த காலம் எது? முதலிடம் பெற்றது யான் ஹுஸ் வழிவந்தோர் போராடிய காலம். சமயபீடத்தின் ஊழலைச் சாடி, சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து, 1415 ஜூலை 6ஆம் நாள் கான்ஸ்டன்ஸ் நகரில் தீயிலிட்டுக் கொல்லப்பட்டவர் ஹுஸ். அடுத்த இடம், 1348இல் பிராக் பல்கலைக்கழகத்தை நிறுவிய மன்னன் நான்காம் சார்லசின் காலத்துக்கு. மசாரிக்கின் குடியரசோ மிகவும் பின்தங்கி நின்றது. 1938இல் மூனிக்கில் நண்பர்களே கைவிட்ட வடு ஆறாதிருந்த நேரம் அது.

பிறகு நடந்தது என்ன? நூற்றுக்கு நாற்பது பேரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த கட்சி, முழு அதிகாரமும் கைக்கு வந்ததும், அந்த நம்பிக்கை வளர்கிறதா தேய்கிறதா என்று பார்த்திடும் ஆவலை இழந்தது. 1950இல் கருத்தாய்வு நிலையம் மூடப்பட்டது. மக்கள் சார்பில் கட்சியே பேசும்போது மக்களைத் தனியே கேட்பானேன் என்பது ஆள்வோரின் வாதம்!

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1965இல், அறிவியல் கழகத்தின் பொறுப்பில் நிலையம் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. 1968இல், துப்செக் தலைமையில் தணிக்கை தளர்ந்திருந்த வேளையில், வரலாறுபற்றிய பழைய கேள்வியை மறுபடியும் கேட்டனர். இம்முறை முதலிடம் பெற்றது எது தெரியுமா? மசாரிக்கின் குடியரசு! முதலாளிகளின் ஆட்சி என்று இருபது ஆண்டுகள் பள்ளியிலும் மேடையிலும் பழிக்கப்பட்ட அதே குடியரசு. பாடநூல் ஒன்று சொல்லிற்று. வீட்டிலே பாட்டி வேறொன்று சொன்னாள். பாட்டியின் பாடமே நிலைத்தது. குடும்பம் என்பது சோறும் துணியும் தரும் இடம் மட்டுமன்று. ஏடுகள் மறைத்திடும் வரலாற்றைப் பேணி வைத்திடும் பெட்டகமும் அதுவே.

ஆனால் அம்மக்கள் பொதுவுடைமையை வெறுத்தொதுக்கினர் என்று எவரும் அவசரப்பட்டு முடிவு கட்டிட வேண்டாம். அதே 1968 கோடையில் எடுத்த கணிப்பில், சோசலிசப் பாதையிலேயே நாடு செல்ல வேண்டும் என்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் கூறினர். அவர்கள் வேண்டியது பேச்சுரிமையோடு கூடிய சோசலிசம். ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு, அந்த மக்கள்மீதுதான் வார்சா ஒப்பந்தப் படைகள் ஏவப்பட்டன. பகைவர்களை அடக்கச் சென்றதாகக் கூறிக்கொண்டவர்கள், நண்பர்களைப் பகைவர்களாக்கித் தந்தனர்!

1972இல் கருத்தாய்வு மறுபடியும் முடக்கப்பட்டது. புள்ளிவிவரத் துறையின்கீழ்க் கொண்டுசெல்லப்பட்டு, முடிவுகள் மக்கள் பார்வைக்கு எட்டாதவை ஆயின. பொதுவாழ்வில் வாய் திறக்க வழியற்ற மக்கள் வீட்டுக்குள் புகுந்தனர். வார இறுதியில் நாட்டுப்புறக் குடிசைகளை நாடி, தோட்டமிட்டுக் காலங்கழிப்பது பெருவழக்காயிற்று. ஆட்சியும் அதையே விரும்பிற்று. 1973இல் புதுமணத் தம்பதிகளுக்குக் கடன் திட்டம் வந்தது. குழந்தை பிறந்தால் கடனில் ஒரு பகுதி தள்ளுபடி! போர்க்காலத்திலும் அதையொட்டியும் பிறந்தோர் மணப்பருவம் எய்திய காலமும் அதுவே. செக் பகுதியில் 1968இல் ஏறத்தாழ 1,37,000 குழந்தைகள் பிறந்தன. 1974இல் ஏறத்தாழ 1,94,000. அன்றைய கட்சித் தலைவரின் பெயரால் ‘ஹுசாக்கின் பிள்ளைகள்’ என்றே அத்தலைமுறையை அழைத்தனர்.

தொட்டில் ஆடினால் மக்கள் அரசியலை மறந்திடுவர் என்று ஆட்சி கருதிற்று. ஆனால் 1989 நவம்பர் 17ஆம் நாள் பிராக் வீதியில் தடியடிபட்ட மாணவர்கள் யார்? 1968ஐ ஒட்டிப் பிறந்து, அந்த ஆட்சியின் பள்ளிகளிலேயே பயின்றவர்கள்! சமையலறை மேசையில் தாழ்ந்த குரலில் பேசப்பட்டது, சதுக்கத்தில் முழக்கமாயிற்று. ஆண்டு முடியுமுன் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

அத்துடன் எல்லாம் சீராகிவிட்டதா? இல்லை. 1992இல் நாட்டைப் பிரித்திடத் தலைவர்கள் முடிவு செய்தபோது, செக் மக்களிலும் சுலோவாக் மக்களிலும் பெரும்பாலோர் பிரிவினையை விரும்பவில்லை என்றே கணிப்புகள் காட்டின. ஆனாலும் பொதுவாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. கேளாதிருப்பது ஒரு வகைப் பிழை. கேட்டும் மதியாதிருப்பது மற்றொரு வகை.

மக்கள் கருத்து எப்போதும் அறத்தின் பக்கமே நிற்கும் என்றும் நான் கூறவில்லை. போருக்குப்பின் ஏறத்தாழ முப்பது இலட்சம் ஜெர்மானியர் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதுபற்றிய விமர்சனம் செக் மக்களில் பலருக்கு இன்றும் கசக்கிறது. 2013இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஷ்வார்சன்பெர்க் அதைக் கண்டித்துப் பேசினார்; அந்தப் பேச்சு அவருடைய தோல்விக்கு ஒரு காரணம் என்பர். கருத்தை அறிவது வேறு, கருத்துக்கு அடிமையாவது வேறு. அறிந்தால்தான் திருத்திடவும் முடியும்.

இன்றைய குடும்பத்தையும் பாருங்கள். ஹுஸ் மாண்ட நாள் அங்கே அரசு விடுமுறை. ஆனால் 2021 குடிக்கணக்கில் நூற்றுக்கு 48 பேர் அளவுக்குச் சமயமற்றோர் என்று பதிந்தனர். 30 பேர் விடையே தரவில்லை. தொழுது போற்றுவதற்காக அல்ல, பணிய மறுத்ததற்காக அவரை நினைக்கின்றனர். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி, மணமாகாத தாய்மார்க்குப் பிறப்பவை. ஒருபாலினர் இணைந்து வாழ்ந்திடப் பதிவுச் சட்டம் 2006இல் வந்தபோது குடியரசுத் தலைவர் கிளாஸ் மறுப்பாணை விடுத்தார். நாடாளுமன்றம் அதை முறியடித்தது. 2025 ஜனவரி முதல் அவ்வுரிமைகள் மேலும் விரிந்தன. இதை ஏற்போர் உண்டு; ஏற்காதார் உண்டு. ஆனால் வாதம் இன்று வெளிச்சத்தில் நடக்கிறது.

இறுதியாக ஒரு கணக்கு. 1946இல் செக் பகுதியில் நூற்றுக்கு 40 வாக்குகள் பெற்ற இயக்கத்தின் வாரிசுக் கட்சி, 2021 நாடாளுமன்றத் தேர்தலில் நூற்றுக்கு 4 வாக்குகளைக்கூட எட்டாமல், ஓர் இடமும் இன்றி வெளியே நின்றது. சிறையும் தணிக்கையும் பிறநாட்டுப் படையும் துணையிருந்தும், இழந்த நம்பிக்கையை மீட்டிட முடியவில்லை.

தோழர்களே! கட்சிப் பணியாற்றுவோர் ஊர்தோறும் பேசுகிறோம். நம் பேச்சுக்குக் கைதட்டியவர்களை எண்ணுகிறோம். கைதட்டாமல் வீடு திரும்பியவர், அடுப்படியில் தம் மக்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டறிந்தோமா? அதைக் கேட்டிடும் துணிவு உள்ள இயக்கமே பிழைத்திடும். கேட்போம், கசந்தாலும் கேட்போம் என்று கூறி அமைகிறேன்.